பூசணிக்காய்த் தலை மேஜர்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அதுதான் எனக்குக் கொஞ்சம் மரியாதை. எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில், உயிரோடு இருக்கிற ஒரு பட்டாளத்து மேஜரைப் பூசணிக்காய்த் தலையோடு வரைந்து, நாலு விதமாக முந்நூறு போஸ்டர் அடித்து, பெரம்பலூரிலிருந்து அரியலூர் தாண்டி வரைக்கும் சுவர் சுவராக ஒட்டவைத்தவன் நான். அந்த மேஜரை நான் பார்த்ததில்லை. எந்த மேஜரையும் பார்த்ததில்லை. தோளில் என்னென்ன குத்தியிருப்பார்கள் என்று தெரியாமல், கல்யாண மண்டப வாசலில் நின்ற செக்யூரிட்டியின் தோளை செல்போனில் படம் பிடித்து வந்து, அதைப் பார்த்து வரைந்தேன். அவர் சட்டையில் மூன்று நட்சத்திரமும், அறுந்து தொங்கிய ஒரு பித்தளைப் பொத்தானும் இருந்தன. பொத்தானையும் விடாமல் வரைந்தேன். வேலையில் நான் அவ்வளவு சுத்தம்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு டிசைன் கடை. கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று, பெரிய வேலைகளை அடித்துத் தர பக்கத்துத் தெருவில் ஒரு அச்சகம். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த தொழில் இரண்டுதான். செத்துப்போனவர்களை அழகாகக் காட்டுவது, கல்யாணம் கட்டுகிறவர்களை அசிங்கமாகக் காட்டுவது. காலையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், சாயங்காலம் கல்யாணக் கிண்டல் போஸ்டர். இரண்டுக்கும் ஒரே காகிதம், ஒரே மைதா பசை, ஒரே சுவர்.

எங்கள் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளைக்குக் கூட்டாளிகள் கிண்டல் போஸ்டர் அடிக்காவிட்டால் அவனுக்குக் கூட்டாளியே இல்லை என்று அர்த்தம். லப்பைக்குடிக்காட்டில் ஒருத்தர், வளைகுடாவிலிருந்து பத்து நாள் லீவில் வந்து நிக்காஹ் முடித்தார். அவரை அட்டைப்பெட்டிக்குள் உட்கார வைத்து, மேலே கயிறு கட்டி, ‘திரும்ப அனுப்பப்படும் சரக்கு’ என்று எழுதினேன். அவருடைய அம்மா ஆள் விட்டு ஒரு பிரதி வாங்கிப் போய் பீரோவில் வைத்துக்கொண்டார். இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. மூலையில் மாப்பிள்ளையின் மிக நல்ல போட்டோ கட்டாயம் இருக்கவேண்டும். கீழே கேலி செய்கிறவர்கள் யார் யார் என்று வரிசையாக வரவேண்டும். கேலிக்கு ஆளானவன் யார், கேலி செய்தவன் யார் என்று ஊருக்குத் தெரியாவிட்டால் அது மொட்டைக் கடுதாசி மாதிரி ஆகிவிடும். இந்த முறைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது. முறை தவறாமல் செய்து கவிழ்ந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இதில் மாட்டிக்கொண்டவன் என் மனைவியின் தம்பி. ஏலாக்குறிச்சிப் பக்கம் அவர்கள் ஊர். தாயார் இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினேழு. அதற்குப் பிறகு அவன் தலைக்கு எண்ணெய் வைத்தது, மாதா கோயிலில் புதுநன்மை என்று முதல் அப்பம் வாங்கிய அன்று வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டது, காய்ச்சலில் கிடந்தால் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தது எல்லாம் இவள்தான். என்னைக் கட்டிக்கொண்டு பெரம்பலூர் வந்தபோது கட்டில், பீரோவோடு அவனையும் கூட்டிவந்தாள். வந்த சீரில் இன்றுவரை ஆடாமல் இருப்பது அவன் ஒருத்தன்தான். கட்டில் மூன்றாம் வருஷமே ஆடிவிட்டது.

பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனான். அங்கே டிரைவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வருகிற நேரத்துக்குப் போன் அடிப்பான். ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுவோம். அவன் அக்காவுக்கு அவன் சாப்பிட்டானா என்று தெரியவேண்டும். எனக்கு மேஜர் கதை வேண்டும்.

மேஜர் என்பவர் அவன் இருந்த நூற்றுச் சொச்சம் பேர் கம்பெனிக்கு அதிகாரி. வடக்கத்திக்காரர். பெரிய அதிகாரி ஒருத்தர் பார்வையிட வருகிறார் என்றதும் புல்லை அடி ஸ்கேல் வைத்து அளந்து வெட்டச் சொன்னாராம். பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாராம். விடிகாலைப் பனியில் இவர்கள் வரிசையாக அடித்துக்கொண்டே போக, “ஒரு கல்லு எந்திரிச்சு ஓடிடுச்சு மாமா” என்றான். படுத்திருந்த நாய். பாதி வெள்ளையாக அது ஒரு வாரம் முகாமைச் சுற்றி வந்ததாம். இன்னொரு தடவை நம்மூர்ப் பையன்கள் வைத்த சாம்பாரை ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, பருப்பில் புளியைக் கொட்டியது யார் என்று அரைமணி நேரம் விசாரணை நடத்தினாராம். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்த மேஜருக்கு என் மனதில் அப்போதே பூசணிக்காய்த் தலை முளைத்துவிட்டது.

ஈஸ்டர் கழிந்ததும் அவனுக்குக் கல்யாணம் என்று முடிவானது. பெண்ணுக்கு வரதராஜன்பேட்டை, பள்ளிக்கூட டீச்சர். கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பார்களே, அந்த ஓலையும் மூன்றுமுறை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலை முடிந்த பிறகு கல்யாணம் தள்ளிப்போனால், போனது ஏன் என்று கேட்க ஊரில் ஆள் குறையாது. அந்த நேரம் பார்த்து எல்லையில் சுட ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அது டிவியில் கேட்கிற சத்தம்தான். சைரனைப் பின்னணியில் ஓடவிட்டுக்கொண்டு ஒருத்தர் வரைபடத்தில் கை வைத்து வைத்துக் கத்துவார். நாங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுதுவோம். எப்படியும் இன்னும் பன்னிரண்டே நாளில் கல்யாணம், அவன் வந்துவிடுவான்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

“அக்கா, லீவு இல்லன்னுட்டாரு மேஜரு.”

“ஓலை வாசிச்சாச்சுன்னு சொன்னியாடா?”

“சொன்னேன்.”

“அதுக்கு?”

“அவருக்கு ஓலை தெரியுமா, ஒண்ணு தெரியுமா. முடியாதுன்னா முடியாதுதானாம்.”

என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. திட்ட ஆரம்பித்தாள். “அந்தாளு வூட்ல புள்ளகுட்டி இல்லியா? அவனெல்லாம் கல்யாணம் கட்டுனானா இல்லியா?” என்று அரிசி களைகிறபோது திட்டினாள், துணி உலர்த்துகிறபோது திட்டினாள். மூன்று நாள். வீட்டில் நான் ஒருத்தன் இருப்பதே மறந்துபோய், திட்டு முழுக்க மேஜருக்கே போனது. இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் விடுமுறை. ஆனாலும் அவள் சாப்பிடவில்லை. எனக்கு அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

மாப்பிள்ளையைக் கிண்டல் செய்ய எடுத்து வைத்திருந்த காகிதத்தில் மேஜரை வரைந்தேன். முதல் படத்தில் லீவு விண்ணப்பங்களைக் குவித்து, கோழி அடைகாப்பது மாதிரி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவதில் பின்னால் குண்டு விழுந்துகொண்டிருக்க, முன்னால் குனிந்து புல்லை அளந்துகொண்டிருந்தார். மூன்றாவதில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்று பூதக்கண்ணாடி வைத்துத் தாலியைச் சோதித்தார். நாலாவதில் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாக மார்ச் செய்துகொண்டு போனார். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் ‘மாப்பிள்ளை ரெடி! பொண்ணு ரெடி! லீவு குடுக்காத மேஜரே, நீங்க எப்ப ரெடி?’

கம்ப்யூட்டரில் காட்டினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். கோழி மேஜரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வயித்த இன்னுங் கொஞ்சம் பெருசா போடுங்க” என்றாள். போட்டேன். மூலையில் முறைப்படி அவன் போட்டோ. மிக நல்ல போட்டோ எது? சீருடையில், மார்பில் பெயரும் தொப்பியில் படைப்பிரிவின் சின்னமும் பளபளக்க, அவன் எங்களுக்கு அனுப்பியிருந்ததுதான். கீழே என் பேரிலிருந்து தொடங்கிப் பதினோரு பேர்.

ஒட்டிய முதல் இரண்டு நாள் ஊரே சிரித்தது. டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு வந்து படம் பிடித்தார்கள். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டர் எனக்குச் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை டிவியில் உயிர்ச்சேதம் என்ற வார்த்தை வந்தது. ஊருக்குள் குண்டு விழுந்து, சுவர் போன வீடுகளைக் காட்டினார்கள். போஸ்டரில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனாலும் கடைக்குப் போகும் வழியில் அந்தச் சுவரைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மேஜருக்குப் பின்னால் நான் வரைந்திருந்த குண்டுகள் தீபாவளி வெடி மாதிரி இருந்தன. யாரோ பூசணிக்காயின்மேல் சாணி அடித்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி என் பேர்மேலும் ஒரு உருண்டை. குறி தப்பவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். மூன்று பேரும் பழைய பட்டாளத்துக்காரர்கள். நடுவில் நின்றவர் அரியலூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். அவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அது அடியைவிட மோசமாக இருந்தது.

“இத நீங்கதான் போட்டீங்களா?”

“ஆமாங்க சார். சும்மா ஒரு தமாசுக்கு...”

“தமாசு நல்லாத்தான் இருக்கு. நாங்களும் ஆபீசரக் கிண்டல் பண்ணாதவங்க இல்ல. இதவிட மோசமா பண்ணியிருக்கோம். ஆனா அவரு காதுல வுழற தூரத்துல பண்ண மாட்டோம்.” செல்போனை எடுத்து என் போஸ்டரையே எனக்குக் காட்டினார். மூலையைப் பெரிதாக்கினார். “இதென்ன?”

“மாப்பிள்ளை போட்டோங்க.”

“இந்தப் பேட்ஜப் பாத்தா எந்தப் படைன்னு சின்னப்புள்ளகூடச் சொல்லும். பேரும் தெரியுது. சண்டை நடக்குது. அவன் ஆபீசர அவன் வூட்டுக்காரங்களே கேவலப்படுத்தி ஊரெல்லாம் ஒட்டியிருக்காங்க. இது மேல போச்சுன்னா பையன் நெலம என்னன்னு யோசிச்சீங்களா?”

“வேலை போயிடுமாங்க சார்?”

“எனக்கு இது எப்படி வந்துச்சு தெரியுமா?” என்றார். “ஊட்டியிலேருந்து, வாட்ஸப்ல. ரெண்டு நாள்ல ஊட்டிக்குப் போனது எல்லைக்குப் போவாதா?”

இவர்கள் பேசியதை, மதியச் சாப்பாடு எடுத்து வந்த என் மனைவி வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். தூக்குப் பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, அங்கேயே தம்பிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மறுநாளும் அதையே சொன்னது. அதற்கு மறுநாள் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கத்தவில்லை, உப்பு எங்கே என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

“போன் அணைஞ்சு கெடக்கே, சண்டையாலயா, உங்களாலயா?”

எனக்குத் தெரிந்த சிரிப்பில் ஒன்றுகூட அப்போது கைகொடுக்கவில்லை.

போஸ்டர் ஒட்டுகிறவரை வரச்சொன்னேன். அவருடைய மொபெட்டில் முன்னால் ஒரு வாளி, நடுவில் அவர், பின்னால் பெயிண்டர் சுவர் சுரண்ட வைத்திருக்கும் பட்டி பிளேடைப் பிடித்துக்கொண்டு நான்.

“ஒட்டுனத கிழிக்கவாங்க கூப்பிட்டீங்க? நம்ம பசை அப்படிலாம் வுடாதுங்க” என்று பெருமையாகச் சொன்னார். நான்தான் பசையைக் கெட்டியாகக் காய்ச்சச் சொல்லியிருந்தேன்.

கிழிக்கும் வேலை எவ்வளவு கேவலமானது என்று அன்றைக்குத் தெரிந்தது. தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, சுரண்டினால் தலை வந்துவிடும், வயிறு வராது. அவள் பெரிதாகப் போடச் சொன்ன வயிறு. குன்னம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பூட்ஸ் கால் மட்டும் சுவரில் நின்றது. எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. வெங்காய மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா, “ஏந்தம்பி, நகராட்சியா?” என்று கேட்டார். “இல்லம்மா, நாந்தான் ஒட்டுனேன்” என்றேன். “ஒட்டறப்ப புத்தி எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். அரியலூர் ரோட்டில் சிமெண்டு லாரிகளின் தூசி காகிதத்தின்மேல் படிந்து, ஈரம் பட்டதும் பூசினது போல இறுகிவிட்டது. இன்னும் ஓரிடத்தில் என் போஸ்டருக்கு மேலேயே ஒரு கண்ணீர் அஞ்சலியை ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் நானே டிசைன் செய்து கொடுத்தது. பூ வைத்த கூந்தலோடு ஒரு வயதான அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைக் கிழிக்காமல் மேஜரை எடுக்க முடியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

சுரண்டுகிற கை தானாக ஓட, புத்தி வேறெங்கோ ஓடியது. அதிகாரிகளைக் கேலி செய்வது பாவம் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. சாகச் சொல்லி உத்தரவு போடுகிற இடத்தில் இருக்கிறவரைப் பார்த்து யாராவது சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் மச்சினன் சிரித்த இடம் வேறு. பனியில் சுண்ணாம்பு மட்டையோடு நின்று, திட்டு வாங்கி, மறுபடியும் அந்த மனிதர் சொன்ன இடத்துக்கு வண்டி ஓட்டிப்போகிறவன் சிரித்த சிரிப்பு அது. அது அவனுடைய சோற்றுப் பொட்டலம். ஞாயிறு தோறும் எங்களுக்கும் அதில் ஒரு வாய் கொடுத்தான். நான் பொட்டலத்தையே தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் விரித்துவிட்டேன்.

வரதராஜன்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோயிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிய போஸ்டரைக் காணவில்லை. நான்கு மூலையிலும் பசைத் தடம் மட்டும் இருந்தது. பெண் வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

“அத நான் அன்னிக்கே எடுத்துட்டேண்ணே, பசை காயறதுக்குள்ள. அவுங்க படத்த மட்டும் வெட்டி வெச்சிருக்கேன்.”

வாளியைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்கிறபோதும் வாய் சும்மா இருக்கவில்லை. “என்னம்மா செய்ய, அந்த லீவு குடுக்காத மேஜரு மேல இருந்த கோவத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“அவரு லீவு குடுத்தாருண்ணே.”

அவள் ஒருமுறை உள்ளே திரும்பி, அப்பா இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“இன்னிக்கே கெளம்பு, நாளைக்கு எல்லா லீவும் ரத்துன்னு உத்தரவு வந்துடும், அப்பறம் நானே நெனச்சாலும் உன்ன அனுப்ப முடியாதுன்னு கையெழுத்து போட்டுக் குடுத்தாராம். இவுங்கதான் போவலன்னுட்டாங்க. இவுங்க ஓட்டற வண்டிக்கு மாத்து ஆளா வந்தவரு புதுசாம். மலைரோட்ல வெளக்கு போடாம ஓட்டணுமாம். அவரு ஒரு தடவகூட ஓட்டுனதில்லியாம்.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“என்னக் கேட்டுட்டுத்தான் அங்க சொன்னாங்க. கல்யாணம் தள்ளிப் போனா உனக்கு வருத்தமான்னாங்க. இல்லன்னேன்.”

“இல்லன்னியா?”

“அப்ப இல்லன்னுதாண்ணே தோணுச்சு.” கையிலிருந்த முந்திரிக்கொட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். “இப்ப தெனமும் காலையில எந்திரிச்சா, ஏன் சொன்னோம்னு இருக்கு. அண்ணிக்குத் தெரிய வேணாம், மேஜரு குடுக்கலன்னே சொல்லிக்கறேன்னாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க.”

திரும்பி வருகிற வழியில் போஸ்டர் ஒட்டுகிறவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி நான் பின்னால் இருக்கிறேனா என்று பார்த்தார். முந்நூறு சுவரில் நான் எழுதியிருந்த வாசகம் பொய். படம் கேலியாக இருக்கலாம், மூக்கைப் பெரிதாக்கலாம், தலையைக் காய்கறியாக்கலாம். ஆனால் லீவு கொடுத்த மனிதரை லீவு கொடுக்காதவர் என்று ஒட்டிவிட்டேன். அதை அவர் பார்த்தால், தன்னிடம் ஒன்று சொல்லிவிட்டு வீட்டில் வேறொன்று சொன்ன டிரைவரைத்தான் பார்ப்பார்.

வீட்டில் என் மனைவி மாதா படத்துக்கு முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். மாதா வணக்க மாசம். செபமாலையின் பத்து மணிகளை உருட்டி முடித்ததும் அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், “அந்தப் பாவி மட்டும் லீவு குடுத்திருந்தா” என்றாள். பிறகு அடுத்த மணியை உருட்டினாள். நான் கையில் ஒட்டியிருந்த காய்ந்த பசையை உரித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை. இருபது வருஷத்தில் அவளிடம் நான் மறைத்த இரண்டாவது விஷயம் அது. முதலாவது கட்டிலை உடைத்தது யார் என்பது.

மேலும் ஐந்து நாள் அப்படியே போனது. சண்டை நின்றது என்று டிவியில் சொன்னார்கள். சொன்னதற்கு நாலாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் போன் வந்தது. அவள் எடுத்தாள். “சாப்டியா?” என்றாள். வேறு எதுவும் கேட்க அவளுக்கு வரவில்லை. அதையே மூன்று தடவை கேட்டாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள், போன் என் கைக்கு வந்தது. முதல் வேலையாக ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மாடிப்படிக்குப் போனேன். அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது.

“மாப்ள, ஏன்டா இத்தன நாளா போன் இல்ல?”

“எல்லாரு போனும் வாங்கி வெச்சுட்டாங்க மாமா. இன்னிக்குத்தான் குடுத்தாங்க.”

சண்டையால்தான். என்னால் இல்லை. “அந்தப் போஸ்டரு...” என்று இழுத்தேன்.

“வந்துச்சு மாமா. துறையூர்க்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் போனுக்கு முன்னாடியே வந்திருக்கு. அங்கேருந்து மேஜர் சாரு வரைக்கும் போயிடுச்சு.”

“என்னடா சொன்னாரு?”

“அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. வேலை இருந்துச்சு. முந்தாநேத்து கூப்பிட்டாரு. தமிழ்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லச் சொன்னாரு. படம் நாலையும், எழுத்தையும் சொன்னேன் மாமா, ஹிந்தில. அட்டென்ஷன்ல நின்னுகிட்டு.”

“சிரிச்சாரா?”

“ஹிந்தில சொன்னா சிரிப்பு வர்ல மாமா.”

நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

“லீவு குடுக்காத மேஜருன்னு வருதுல்ல, அந்த எடத்துல நிறுத்தச் சொன்னாரு. நான் குடுக்கலியான்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்றது. பூட்ஸப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

“வேலைக்கு ஏதாச்சும்...”

“வேலைக்கு ஒண்ணுமில்ல. எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்துட்டேன். இந்தத் தடவ ஹவில்தார் புரமோஷன் பட்டியல்ல எம்பேரு இருந்துச்சு. எடுத்துட்டாங்க. அவரு எடுக்கல மாமா, மேலேருந்து எடுத்துட்டாங்க. அவரு எனக்காகப் பேசினாராம்.” பிறகு அவனே எனக்கு ஆறுதல் சொன்னான். “போவுது வுடுங்க மாமா. அடுத்த தடவ வரும். மேஜர் சாரு தலை அவ்ளோ பெருசுலாம் இல்ல. ஒல்லியா இருப்பாரு. உங்களவிடச் சின்னவரு.”

என்னைவிடச் சின்னவர். இருபது வயது சின்னவராக இருப்பார் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். அந்த வயதில் நான் மாப்பிள்ளைகளை அட்டைப்பெட்டிக்குள் வரைந்துகொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். என் மனைவி முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாரக்கணக்குக்குப் பிறகு வீட்டில் சாம்பார் வாசனை. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. ஆனால் ஒரு மனிதரை முந்நூறு சுவரில் பொய்யாக நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டுக்குள்ளும் அவரை அப்படியே நிறுத்தி வைக்க என்னால் முடியவில்லை. அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. மேஜரு லீவு குடுத்திருக்காரு. உன் தம்பிதான் வரமாட்டேன்னு அங்கேயே நின்னுருக்கான். உங்கிட்ட பொய் சொல்லியிருக்கான்.”

“தெரியும்.”

அவள் நிமிரக்கூட இல்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அவன் பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? போன்ல குரலக் கேட்டப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுகிட்டேதான் மூணு நாளா அந்த மனுசனத் திட்டுனியா? வயித்தப் பெருசா போடச் சொன்னியே, எதுக்கு?”

“பின்ன, புள்ளையவா திட்டச் சொல்றீங்க?”